ஊசி குத்தினால் யாரிடம் சொல்வது?

எங்கள் காலனி அக்கா ஒருவர் அரசு மருத்துவமனை ஒன்றில் ஆறு வருடமாக ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். ஒருநாள் இரவு விரலில் துணி சுற்றியபடி என் வீட்டுக்கு வந்தார். முந்தின நாள் காலை, வார்டில் குப்பைப் பையைக் கட்டும்போது உள்ளே கிடந்த ஊசி குத்தியிருக்கிறது.

“ஏங்க்கா, அங்கயே சொல்லலையா?”

“சொன்னா, பாத்து வேலை செய்யத் தெரியாதாம்பாங்க தம்பி. சூப்பர்வைசர் நாளைலேருந்து வராதன்னுடுவாரு.”

எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரையை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது. 72 மணி நேரத்துக்கு மேல் தாமதிக்கக் கூடாது. ஒன்றரை நாள் போயிருந்தது. அன்றிரவே அழைத்துப் போனேன். 28 நாள் மாத்திரை எழுதிய டாக்டர், “ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டாச்சா?” என்றார். அக்கா என் முகத்தைப் பார்த்தார். அப்படியொன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

கழிவைக் கையாளும் எல்லோருக்கும் அந்தத் தடுப்பூசி போட வேண்டும், ஊசிகளைத் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில்தான் போட வேண்டும், விபத்துகளைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2016 உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் சொல்கின்றன.

அந்த வார்டு நர்ஸ் மீது எனக்குக் கடும் கோபம். நேரில் போய்க் கேட்டேன்.

“நைட்ல ஐம்பது பேஷண்டுக்கு நான் ஒருத்திதான் சார். பெட்டி நிறைஞ்சு மூணு நாளாச்சு, மாத்தலை.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “போன வருஷம் எனக்கும் குத்துச்சு. நானும் சொல்லலை.” அவரும் தொகுப்பூதியம்தான்.

“நோயாளிக்கு மருந்து மாறிப் போனா சொல்வீங்களா?” என்றேன். பதில் இல்லை.

உடனே சொன்னால் சரிசெய்துவிடக்கூடிய தவறு, வேலை போய்விடும் என்ற பயத்தில் மறைக்கப்படும்போது நோயாளியின் உயிருக்கே ஆபத்தாகிறது. பயம் இருவருக்கும் பொது. ஆனாலும் நர்ஸுக்கு வேலையில் சேர்ந்தபோதே மூன்று தவணை ஊசியும் போட்டிருக்கிறார்கள். குப்பை அள்ளுபவரை ஊழியராக யாரும் எண்ணவே இல்லை. அந்த வேலைக்கு வருகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்பது நமக்குத் தெரியும்.

களப்பணிக்கு மருத்துவமனை போகும் தோழர்களே, சுவரில் ஒட்டிய பாதுகாப்பு விதிகளை மட்டும் குறித்துக்கொண்டு திரும்பாதீர்கள். பையைத் தூக்குகிறவரிடம் கேளுங்கள்: தடுப்பூசி போட்டார்களா? குத்தினால் யாரிடம் சொல்வீர்கள்? சொன்னபிறகும் வேலை இருக்குமா?

ஒப்பந்தப் பணியாளர் எல்லோருக்கும் தடுப்பூசி கேட்டு மனு எழுதியிருக்கிறோம். அக்கா முதல் கையெழுத்துப் போட்டார். மாத்திரையால் வாந்தி எடுத்த இரண்டு நாளுக்கு அவருக்குக் கூலி இல்லை. அடுத்த ரத்தப் பரிசோதனைக்காகக் காத்திருக்கிறார், அதே வார்டில் வேலை பார்த்துக்கொண்டு.