மேலே ஒரு ரகம், கீழே ஒரு ரகம்: ஊட்டி முதல் கோவை வரை காலிஃபிளவர்

ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் மலை ரயில் பாதை 46 கிலோமீட்டர்தான். அதற்குள் உயரம் சுமார் 2,200 மீட்டரிலிருந்து 330 மீட்டருக்குக் குறைந்துவிடுகிறது. மேலே ஸ்வெட்டரோடு ஏறியவர்கள் கீழே அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். காலிஃபிளவருக்கும் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். அதைக் கவனிக்காமல் விதை வாங்கிய தோட்டத்தில், மூன்று, நான்கு மாதம் தண்ணீர் பாய்ச்சிய பிறகும் இலைதான் மிஞ்சும், பூ வராது.

ஊட்டிக்கும் குன்னூருக்கும் நடுவே இருக்கிறது கேத்திப் பள்ளத்தாக்கு. சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய வயல்கள். கேரட், உருளைக்கிழங்கு, முட்டைகோஸ் விளையும் இந்தக் குளிரில், 'ஸ்னோபால்' வகைக் காலிஃபிளவர் சுகமாக வளரும். பூ கெட்டியாக, பால் வெள்ளையாக இருக்கும். உள் இலைகள் தாமாகவே வளைந்து பூவை மூடி வெயில் படாமல் காக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் ஊட்டி ஆராய்ச்சி நிலையம் கொடுத்த 'ஊட்டி 1' ரகமும் மலைக்கு உரியதுதான். மலை மண் புளிப்புத் தன்மை கொண்டது என்பதால், மண் பரிசோதனை செய்து சுண்ணாம்பு இடுவது அவசியம். இல்லாவிட்டால் மாலிப்டினம் சத்து கிடைக்காமல் இலை குறுகி, சாட்டை வார் போல ஆகிவிடும்.

மலைக் காய்கறிகள் வந்து இறங்குவது மேட்டுப்பாளையம் மண்டிகளில். அங்கே பெரிய வெள்ளைப் பூவைப் பார்க்கும் சமவெளி விவசாயிக்கு அதே விதையைப் போட ஆசை வருவது இயல்பு. அங்கேதான் சிக்கல்.

காலிஃபிளவர் முதலில் இலை விடும். பிறகு குறிப்பிட்ட அளவு குளிர்ச்சி கிடைத்தால்தான் பூவுக்கு மாறும். ஸ்னோபால் வகைக்கு 10 முதல் 16 டிகிரி வரை வேண்டும். முன்பருவ ரகங்களோ 20 முதல் 27 டிகிரியிலேயே பூத்துவிடும். கோவையில் மார்கழி, தை மாதங்களில்கூட பகலும் இரவும் சேர்த்த சராசரி 24, 25 டிகிரிக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஆகவே சமவெளிக்குப் பொருந்துவது முன்பருவ ரகங்கள் மட்டுமே. இவற்றைக் கடுங்குளிரில் நட்டால் நேர் எதிர்ப் பிரச்னை: செடி வளரும் முன்பே பொத்தான் அளவுக்குப் பூ வந்து நின்றுவிடும்.

வெயிலைத் தாங்கும் ரகங்கள் வட இந்திய விவசாயிகளின் கைவண்ணம். 1822-ல் இங்கிலாந்திலிருந்து உத்தரப் பிரதேசத்தின் சகாரன்பூர் தோட்டத்துக்குக் காலிஃபிளவர் விதை வந்ததாக வேளாண் நூல்கள் சொல்கின்றன. கங்கைச் சமவெளி விவசாயிகள், வெப்பத்திலும் பூத்த செடிகளிலிருந்தே விதை எடுத்து எடுத்து, நம் நாட்டுக்கேற்ற வகையை உருவாக்கினார்கள்.

விதைக் கடையில் 'பூசா' என்ற பெயரை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. டெல்லியில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் ரகங்கள் பலவற்றுக்கும் அந்தப் பெயர் உண்டு. பூசா மேக்னா, பூசா தீபாலி இரண்டும் முன்பருவ ரகங்கள். பூசா ஸ்னோபால் குளிர் ரகம். தனியார் வீரிய ஒட்டு ரகம் என்றால், பாக்கெட்டில் விதைக்கும் மாதம், நட்டதிலிருந்து அறுவடை நாள், தாங்கும் வெப்பம் மூன்றையும் பார்த்து வாங்க வேண்டும். ஒட்டு ரகத்தில் எடுத்த விதையை மறுபடி விதைத்தால் பூ ஒரே சீராக இருக்காது.

சமவெளியில் புரட்டாசியில் நாற்று விட்டு, ஐப்பசியில் நட்டால் மார்கழி, தையில் பூ அறுக்கலாம். நடவு நேரம் வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால், பார் அமைத்து நீர் வடிய வழி விட வேண்டும். குழித்தட்டு நாற்றுக்கு 25 நாள் போதும். வயதான நாற்றை நட்டாலும் பூ பொத்தானாகிவிடும். முன்பருவ ரகங்களில் இலை பூவை முழுதாக மூடாது. பூ எலுமிச்சை அளவைத் தாண்டியதும் வெளி இலைகளைச் சேர்த்து வாழைநாரால் கட்டினால் மஞ்சள் பாயாது.

ஒன்றரை அடி இடைவெளியில் ஒரு சென்ட்டுக்கு ஏறக்குறைய 190 செடிகள் பிடிக்கும். வீட்டுத் தோட்டத்துக்கு அத்தனையும் ஒரே நாளில் நட்டால், அத்தனையும் ஒரே வாரத்தில் அறுவடைக்கு வந்து நிற்கும். இரண்டு ரகங்களில் இருபது இருபது நாற்றாக, பதினைந்து நாள் இடைவெளியில் நடுவது நல்லது. சமையலுக்கும் தொடர்ந்து கிடைக்கும். அந்த ஊர் மண்ணுக்கும் வெயிலுக்கும் எது ஒத்துவருகிறது என்பதும் அடுத்த ஆண்டு விதை வாங்கும் முன்பே தெரிந்துவிடும்.