இரும்பு செய்த உபகாரம்

தண்ணீரை மின்சாரத்தால் பிளக்கலாம் என்று 1800-லேயே நிகல்ஸனும் கார்லைலும் காட்டிவிட்டார்கள், நேயர்களே! கிடைக்கும் ஹைட்ரஜனை எரித்தால் கரிப்புகை கிடையாது, மறுபடி தண்ணீர்தான். கணக்குப்படி 1.23 வோல்ட் போதும். நடைமுறையிலோ 1.8, 2 என்று கேட்கிறது. பிள்ளை வீட்டார் மாதிரி, பேசியது ஒன்று, கேட்பது ஒன்று! பிராணவாயு வெளிவரும் பக்கத்தில்தான் பிடிவாதம் அதிகம். அதைத் தணிக்கிற தரகர்தான் கிரியா ஊக்கி. இரிடியம் கெட்டிக்காரத் தரகர். ஆனால் தங்கத்தைவிட அபூர்வம்.

என் பெண் மலிவான நிக்கலில் ஓர் ஊக்கி செய்தாள். மூன்று வருஷ உழைப்பு. அபாரமாக வேலை செய்தது. கட்டுரை தயார். நான் தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தும் ஆயிற்று.

ஒரு ராத்திரி அவள் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா?"

"நிக்கல் தனியாகச் செய்த வேலை இல்லை, அப்பா. பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடில் துளி இரும்பு கலந்திருக்கிறது. அதை நீக்கிப் பார்த்தேன். மின்னோட்டம் படுத்துவிட்டது."

இரும்பின் இந்தக் குறும்பைக் காரிகன் என்பவர் 1987-லேயே எழுதியிருக்கிறார். அவளும் படித்தவள்தான், தன் புட்டி சுத்தம் என்று நம்பிவிட்டாள்.

"அனுப்பிவிடேன். யாருக்குத் தெரியப் போகிறது?" என்றேன். சொன்னவன் நான்தான், வெட்கமாக இருக்கிறது. அவள் பதில் பேசவில்லை. விடிவதற்குள் தலைப்பையே அடித்துவிட்டு, முதல் வரியிலிருந்து எழுதத் தொடங்கியிருந்தாள்.

இப்போது இரும்பை அவளே அளந்து போடுகிறாள். நானோ வீடு வீடாகப் போய்த் திருத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இன்னும் நாலு வீடு பாக்கி.