மாலை விளையாட்டு

பள்ளி விட்டபின் எஞ்சும் மாலைப் பொழுது சிறார்க்கு உரியது. கெடவரல், பண்ணை என்னும் சொற்கள் விளையாட்டைக் குறிக்குமெனத் தொல்காப்பிய உரியியல் கூறும். மகளிர் ஆட்டத்திற்கு ஓரை என்னும் தனிப்பெயர் சங்கச் செய்யுட்களில் வழங்கிற்று. சொல் வளம் இங்ஙனமிருப்ப, அச்சொற்குரிய செயல் இன்று அருகி வருதல் வருந்தத்தக்கதன்றோ?

5 முதல் 17 வயதுவரையுள்ளோர் நாள்தோறும் சராசரி 60 நிமிடமேனும் மூச்சு மிகும்படி உடலை இயக்குதல் வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் வரையறுத்தது. அதனால் எலும்பு உறுதிபெறும், இதயம் வலுவுறும், நல்ல துயிலும் வாய்க்கும். ஆயின், 146 நாடுகளைப்பற்றி அந்நிறுவனத்தார் 2019-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, 11 முதல் 17 வயதுள்ள மாணாக்கருள் நூற்றுக்கு 81 பேர் 2016-ஆம் ஆண்டில் அவ்வளவை எட்டவில்லையெனக் காட்டிற்று. ஆண்மக்களில் எட்டாதார் 78, பெண்மக்களிலோ 85.

இவ்வேற்றுமையின் காரணங்களுள் ஒன்றனை யாம் எம் தெருவிலேயே கண்டோம். அங்குக் கிளித்தட்டு ஆடுவாருள், மறிப்பார் கைக்கு அகப்படாது கோடு கடப்பதில் தலைசிறந்தவள் ஒரு சிறுமி. 12-ஆம் வயது எய்தியதும் அவள் களம் விட்டு, இடுப்பிலே தம்பியைத் தாங்கி வாயிற்படியில் நிற்கலானாள். யாம் வினவியபொழுது, "வளர்ந்த பிள்ளை; போவார் வருவார் பார்க்கத் தெருவில் ஓடலாமா?" என்றார் அவள் ஆச்சி.

அவ்வச்சத்தை யாம் இகழ்ந்திலேம். விரையும் வண்டிகளும் வம்பு பேசும் வாய்களும் மெய்யே. ஆதலின், "ஆச்சி, நீங்களே வந்து நடுவராயிருங்கள்" என வேண்டினோம். தெருமுனை வேம்பின் நிழலில் நாற்காலி இடப்பட்டது. மறுவாரம் மற்றும் இரண்டு ஆச்சிமார் வந்தமர்ந்தனர். அவர்தம் பேத்தியரும் களம் புகுந்தனர். வண்டியோட்டுவார் முதியோரைக் கண்டு வேகம் தணித்தனர். ஆச்சியின் தீர்ப்பு முற்றும் நடுநிலையுடையதெனக் கூறுதற்கில்லை. பேத்தி பிடிபடுங்கால்மட்டும் அவர் கண் மங்கிவிடும். அதுபற்றி வழக்காடும் ஆரவாரமும் ஆட்டத்தின் ஒரு பகுதியாயிற்று.

கிளித்தட்டிற்குப் பொருட்செலவில்லை, கோடு கிழிக்க ஒரு குச்சி போதும். பந்தும் மட்டையும் வாங்கித் தருவதினும் அரியது, அஞ்சாது ஓடுதற்கோர் இடமும், அதனைக் காக்கும் பெரியோர் கண்ணும் தருதல். அன்பர்காள்! விடுமுறையில் நும் ஊர் சேர்ந்ததும், மாலையில் வாயிற்படியில் நிற்கும் சிறுமியர் யாவரென நோக்குமின். அவர்தம் ஆச்சியர்க்கு ஒரு நாற்காலி இடுமின்.