நடுச் சக்கரம்

கையேடு தொலைந்துபோன இயந்திரம் ஊமைக்கு நிகரானது. அது அறிந்தவை அனைத்தும் அதன் உடம்பிலேயே இருக்கின்றன, சொல்லத்தான் வாயில்லை. பொறுமையோடு கேட்பவரிடம் மட்டும் அது மெல்லப் பேசத் தொடங்கும். கொல்லிமலையில் ஒரு சிறு தச்சுப் பட்டறையில் இவ்வுண்மையைக் கண்கூடாகக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

அங்கே இருந்தது பழைய அலங்காரக் கடைசல் இயந்திரம். நாம் அறிந்த கடைசல் லேத்தில் மரம் வேகமாகச் சுழலும். உளி கையில் நிற்கும். இதிலோ மரம் மெதுவாகத் திரும்புகிறது. வேகமாகச் சுழலும் வெட்டுக் கருவி, மரத்தின் நீளவாக்கில் நகர்ந்துகொண்டே செல்கிறது. கருவியை நகர்த்துவது ஒரு நீண்ட திருகுத் தண்டு. அத்தண்டையும் மரத்தையும் பிணைப்பவை பற்சக்கரங்கள். எந்தச் சக்கரத்தை எதனோடு கோக்கிறோமோ அதற்கேற்ப மரத்தில் முறுக்கு விழும். கோப்பு மாறினால் முறுக்கு நெருங்கும், அல்லது நெகிழும்.

பட்டறையை நடத்திவந்த மூத்த தச்சர் இறந்துவிட்டார். அவரிடம் தொழில் பயின்ற மலையாளி இனத்து இளைஞர் ஒருவர், பிஸ்கட் டப்பா நிறையப் பற்சக்கரங்களோடு என்னிடம் வந்தார். நான் ஓய்வு பெற்ற கணித ஆசிரியன், தச்சு அறியேன். "சார், எங்க மேஸ்திரி எல்லாக் கணக்கையும் மனசுலயே வச்சிருந்தாரு. தாள்ல ஒண்ணும் எழுதி வைக்கலை" என்றார் அவர். அக்குரலில் குறை இல்லை; துயரம் இருந்தது.

வேலை இதுதான். மலைச் சிற்றாலயம் ஒன்றின் பீடத்தில் பலா மரத்தாலான இரண்டு முறுக்குத் தூண்கள் இருந்தன. ஒன்றைக் கரையான் அரித்துவிட்டது. அதற்கு இணையான தூண் கிடைக்காவிட்டால், இரண்டையும் அகற்றிவிட்டுச் சிமெண்டுத் தூண்கள் நிறுத்துவதென ஊரார் முடிவு செய்திருந்தனர். இவ்வேலை கூடிவராவிட்டால் இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுத் திருப்பூர்ப் பனியன் ஆலைக்குப் போய்விடுவதென அவ்விளைஞரும் முடிவு செய்திருந்தார். ஆகவே கணக்குப் பிழைத்தால் போவது ஒரு தூண் மட்டுமன்று.

முதலில் சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவிப் பற்களை எண்ணினோம். தொடங்கிய பல்லில் சுண்ணக்கட்டியால் குறியிட்டுச் சுற்றி வந்தோம். 20, 25, 30, 40, 60, 80, 100, 120 என எட்டு அளவுகள் கிடைத்தன. பிறகு இயந்திரத்தையே கேட்டோம். திருகுத் தண்டின் கைப்பிடியைப் பத்துச் சுற்றுச் சுற்றியபோது கருவி 50 மில்லிமீட்டர் நகர்ந்தது. எனவே ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர். கையேடு சொல்லவேண்டிய முதல் விடையை இயந்திரமே சொல்லிவிட்டது.

அடுத்து, எஞ்சியிருந்த தூணின் முறுக்கை அளக்கவேண்டும். இளைஞர் தூணின் முகப்பில் ஒரு பள்ளத்திலிருந்து அதற்கு மேலுள்ள பள்ளம் வரை அளந்து, "30 மில்லிமீட்டர்" என்றார். ஆனால் அத்தூண் நான்கு புரிகள் கொண்டது. மேலே தெரிந்த பள்ளம் அடுத்த புரியினுடையது. சிவப்பு நூல் ஒன்றை ஒரே பள்ளத்தில் பதித்துத் தூணைச் சுற்றி வந்தோம். நூல் முழுச் சுற்று முடித்துப் புறப்பட்ட இடத்துக்கு நேர் மேலே வந்தபோது, ஏறிய உயரம் 120 மில்லிமீட்டர். அதாவது, தண்டு 24 முறை சுழலும்போது மரம் ஒருமுறை திரும்பவேண்டும்.

24-இல் ஒன்று என்னும் விகிதத்தை ஒரே இணைச் சக்கரங்களால் அடைய வழியில்லை. அத்தனை பெரிய சக்கரம் டப்பாவில் இல்லை. ஆகவே கணக்கை இரண்டாகப் பிரித்தோம். 20 பற்கள் 120 பற்களை ஓட்டினால் ஆறில் ஒன்று. அந்த 120-இன் அச்சிலேயே பொருந்திய 25 பற்கள் 100 பற்களை ஓட்டினால் நாலில் ஒன்று. ஆறும் நாலும் பெருக்க இருபத்துநாலு. பள்ளியில் பின்னப் பெருக்கல் எதற்கு என்று கேட்ட மாணவர் பலர்; இப்படியொரு விடையை அவர்களுக்குக் காட்டும் பேறு அன்று எனக்கு இருந்ததில்லை.

சில்வர் ஓக் துண்டு ஒன்றில் ஒத்திகை பார்த்தோம். முறுக்கின் அளவு துல்லியமாக இருந்தது. ஆனால் திசை, நின்றிருந்த தூணின் திசையாகவே அமைந்தது. பீடத்தின் இருபுறத் தூண்களோ, கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் முறுக்கேறவேண்டியவை. தீர்வு எளிது: ஓட்டும் சக்கரத்துக்கும் ஓடும் சக்கரத்துக்கும் நடுவே இன்னொரு சக்கரத்தைச் செருகினோம். நடுச் சக்கரத்துக்கு எத்தனை பற்கள் இருந்தாலும் விகிதம் மாறாது. கணக்கில் அது அடிபட்டுப்போகும். ஆனால் சுழற்சியின் திசை மாறிவிடும். எண்ணிக்கையில் இடம்பெறாமலே எல்லாவற்றையும் திருப்பிவிடும் அச்சக்கரத்தைக் கண்டு நான் சற்று நேரம் பேசாதிருந்தேன். நம் குடும்பங்களிலும் பங்குகளிலும் இப்படிச் சிலர் இருக்கிறார்கள் அல்லவா?

இக்கலைக்கு நீண்ட மரபு உண்டு. கடைசலுக்கென்றே எழுதப்பட்ட முதல் விரிவான நூல் 1701-இல் பிரான்சின் லியோன் நகரில் வெளிவந்தது. அதை எழுதிய ஷார்ல் புளுமியே, மினிம் சபைத் துறவி, தாவரவியலாரும் ஆவார். நம் கல்லறைத் தோட்டங்களில் வெண்மலர் உதிர்க்கும் ஈழத்தலரியின் புளுமேரியா என்னும் அறிவியற் பெயர் அவர் நினைவாக இடப்பட்டது. 1800-ஐ ஒட்டி இலண்டனில் ஹென்றி மாட்ஸ்லி, மாற்றிக் கோக்கும் பற்சக்கரங்களால் திருகு வெட்டும் லேத்தைச் செம்மைப்படுத்தினார். நாங்கள் போட்ட கணக்கு அந்த லேத்தின் கணக்கேதான்.

கொல்லிமலைக்கும் தச்சுக்கும்கூடப் பழைய உறவு உண்டு. 1907-இல் இந்தியா வந்த ஜெசி பிராண்ட் என்னும் மறைப்பணியாளர் இம்மலை மக்களுக்கு மருந்தும் கொடுத்தார், தச்சும் கற்பித்தார். 1929-இல் இங்கேயே காய்ச்சலில் உயிர் நீத்தார். 1914-இல் பிறந்து, ஒன்பது வயதுவரை இம்மலையில் வளர்ந்த அவர் மகன் பால் பிராண்ட், மருத்துவம் படிக்குமுன் தச்சும் கொத்தும் பயின்றவர். 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் மடங்கிச் செயலிழந்த விரல்களுக்கு, நலமான தசைநார்களை மாற்றிப் பொருத்தி இயக்கம் தந்தார். குணமடைந்தோர் பிழைக்க வழியாக மர வேலையும் கற்பித்தார். கையின் இயக்கவியல் பற்றி 1985-இல் அவர் வெளியிட்ட நூலில் ஒரு கணக்கு உண்டு: மூட்டு ஏறத்தாழ 57 பாகை மடங்கும்போது தசைநார் நகரும் தூரம், மூட்டின் மையத்திலிருந்து அந்நார் விலகியிருக்கும் தூரத்துக்குச் சமம். மரத்தில் ஒரு திருப்பத்துக்கு இத்தனை நகர்வு என்று நாங்கள் போட்டதும், விரலில் அவர் போட்டதும் ஒரே இனக் கணக்கு.

பலாத் தூண் கடைசலாகி வந்தது. பழைய தூணின் அருகே நிறுத்தியபோது ஏதோ இசையவில்லை. மீண்டும் நூலிட்டு அளந்தோம். பழைய தூணில் ஒரு சுற்று 118, மறு சுற்று 121, அதற்கடுத்தது 120. அது இயந்திரம் கடைந்ததன்று. எவரோ கண்ணளவால் உளி கொண்டு செதுக்கியது. இளைஞர் ஒன்றும் பேசவில்லை. தம் மேஸ்திரியின் உளியை எடுத்து, புதிய தூணின் விளிம்புகளை இரண்டு நாள் மெல்லத் தேய்த்தும் செதுக்கியும் உயிர்ப்பித்தார். சக்கரங்கள் வழியை வகுத்தன. நடந்து முடித்தது கைதான்.

தூண் பீடமேறியது. சிமெண்டுப் பேச்சு நின்றது. அவர் திருப்பூருக்குப் போகவில்லை. நாளை போகமாட்டார் என்று உறுதி கூற நான் யார்? ஆனால் பட்டறைச் சுவரில் இப்போது ஒரு பலகை தொங்குகிறது. எந்த முறுக்குக்கு எந்தச் சக்கரங்கள் என்று எனாமல் வண்ணத்தில் அவரே எழுதியது. கடைசி வரியில் எண் ஏதுமில்லை. "இடப்பக்கம் திரும்ப, நடுவில் ஒன்று சேர்க்கவும்" என்று மட்டும் இருக்கிறது.