சோளகத்தில் வருபவர்கள்

கனடாவிலும் ஐரோப்பாவிலும் வாழும் யாழ்ப்பாணத்தவர்களுக்கு விடுமுறை என்றால் பெரும்பாலும் ஊர்தான். கொழும்புத்துறைக்காரர் ஒருவர் ரொறன்ரோவிலிருந்து குடும்பத்தோடு வருகிறார் என்றால், அது அநேகமாக ஆடி, ஆவணி மாதமாக இருக்கும். பிள்ளைகளின் பள்ளிக்கூட விடுமுறையும் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் மகோற்சவமும் அப்போதுதான் ஒன்றாகக் கூடுகின்றன. இருபத்தைந்து நாள் திருவிழா ஆவணி அமாவாசைத் தீர்த்தத்தோடு முடியும்; தேர் அதற்கு முதல்நாள். அமாவாசை முன்பின்னாக நகர்வதால் இந்தப் பொருத்தம் எல்லா ஆண்டும் சரிவருவதில்லை. 2025இல் தேர் ஓகஸ்ட் 21ஆம் திகதி வந்தது, எல்லோருக்கும் வசதி. 2023இல் அது செப்டெம்பர் 13க்குப் போய்விட்டது. ஒன்ராறியோவில் அதற்குள் வகுப்புகள் தொடங்கிவிடும் என்பதால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குக் கொடியேற்றம் கிடைத்தாலும் தேர் கைப்பேசித் திரையில்தான்.

வந்தவர்கள் போகும் இடங்களும் ஏறக்குறைய எழுதிவைத்தபடியே இருக்கும். வான் ஒன்றை ஹயருக்குப் பிடித்து ஒருநாள் மாவிட்டபுரமும் கீரிமலையும். ஒருநாள் குறிகட்டுவானில் படகேறி நயினாதீவு. ஒருநாள் காரைநகர் கசூரினாக் கடற்கரை. இடையில் கோட்டை, நூலகம், பின்னேரம் நல்லூரடியில் ஐஸ்கிரீம். முதல்முறை இது கொண்டாட்டம். நாலாம்முறை வானுக்குள் ஏறும்போதே பிள்ளைகளின் முகம் தொங்கிவிடும், பெரியவர்களும் உள்ளுக்குள் அதே நிலையில்தான் இருப்பார்கள், வெளியே சொல்லமாட்டார்கள். ஊர் சலித்துவிட்டது என்று அடுத்த கோடையில் துருக்கிக்கோ கிரேக்கத்துக்கோ போகிறவர்கள் உண்டு. அவர்களுக்குச் சலித்தது ஊரில் ஒரேயொரு மாதமும் ஒரேயொரு பாதையும்தான். மீதி ஊர் அவர்கள் கண்ணில் இன்னும் படவில்லை.

குடாநாட்டில் ஓகஸ்ட் என்பது சோளகக் காலம். தென்மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்று மழை கொண்டுவருவதில்லை. புழுதி கிளப்பும், பனையோலையைச் சரசரக்க வைக்கும், கிணற்றில் தண்ணீரைக் கீழே இறக்கும். யாழ்ப்பாணம் சுண்ணக்கல் மேல் கிடக்கும் தட்டைநிலம். வழுக்கையாற்றைத் தவிர ஆறு என்று சொல்ல ஒன்றுமில்லை, அதுவும் மாரியில் மட்டும் ஓடுவது. பெய்த மழை கல்லின் பொந்துகள் வழியே இறங்கி, அடியில் கிடக்கும் உவர்நீருக்கு மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. கிணறுகளில் அள்ளுவது அந்த நீரைத்தான். ஆகவே இங்கே நிலத்தின் முகம் முழுவதும் மழையின் கணக்கில் இருக்கிறது. ஆவணியில் அரியாலைப் பக்கத்து வயல்கள் வெறும் கட்டாந்தரை. ஊரை ஓகஸ்டில் மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளை, யாழ்ப்பாணம் வரண்ட, மண்ணிற ஊர் என்றே நம்பியிருக்கும்.

வாடைக்காற்றோடு ஐப்பசியில் மழை இறங்கியதும் இது தலைகீழாகும். வயல் விதைத்தாயிற்று என்றால் மார்கழிக்குள் கண்ணுக்கெட்டிய மட்டும் பச்சை. கேணிகளும் குளங்களும் நிரம்பும், ஒழுங்கைகளில் தவளைச் சத்தம் இரவைப் பிடித்துக்கொள்ளும். திருவெம்பாவைக் காலத்தில் விடியுமுன் சங்கும் சேமக்கலமும் தெருவில் கேட்கும். வடக்கே குளிர் முற்றும்போது ஆயிரக்கணக்கான மைல் கடந்து வரும் பறவைகள் கடல்நீரேரியின் ஆழமற்ற சேற்றுத்தரைகளில் இறங்கும்; பூநாரைக் கூட்டங்கள் தெரியும் காலமும் இதுதான். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டத் திருவிழா. ஓகஸ்ட் விருந்தாளிக்கு இதில் ஒன்றும் கிடையாது. விமானச்சீட்டு ஒன்றை ஐந்து மாதம் தள்ளிப் போட்டாலே அதே வளவு, அதே வேலி, அதே கிணற்றடி வேறொரு நாட்டுக்குப் போனதுபோல் ஆகிவிடும்.

பருவம் என்பது சாப்பாட்டிலும் இருக்கிறது. பனையை எடுத்துக்கொண்டால் போதும். ஓகஸ்டில் வருபவருக்குக் கிடைப்பது பனம்பழம், பனங்காய்ப் பணியாரம். நுங்கு அதற்கு முன்னமே முடிந்திருக்கும். விழுந்த பழத்தின் விதைகளைப் பொறுக்கி மழைக்கு முன் பாத்தி போடுவார்கள். மாரித் தண்ணீரைக் குடித்து அவை முளைவிட்டு, தை மாசியில் கிழங்காகத் தோண்டப்படும். அவித்துச் சாப்பிட்டது போக, அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல், பச்சையாகக் கிழித்துப் பங்குனி வெயிலில் காயவைத்தால் ஒடியல். அந்த ஒடியலை இடித்த மாவில்தான் ஓகஸ்டில் வரும் உறவினருக்கென்று கூழ் காய்ச்சப்படுகிறது. போன ஆண்டு அவர்கள் நின்ற நாட்களில் வளவில் தொப்பென்று விழுந்த பழம் இந்த ஆண்டு சட்டிக்குள் கொதிக்கிறது. இடையில் நடந்த பத்துப் பன்னிரண்டு மாத வேலை அவர்களுக்குத் தெரியாது. மாவைத் தண்ணீரில் ஊறவிட்டு, கயர்ப்புப் போகத் தெளிந்த நீரை வடித்து ஊற்றவேண்டும். பிறகு நண்டு, இறால், மீன்தலை, பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி எல்லாம் அவிந்து வரும்போது, அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் மாவும் கரைத்து விட, கூழ் தடிக்கத் தொடங்கும். சுற்றியிருந்து பிளாவிலோ மடித்த பலாயிலையிலோ குடிப்பது வழக்கம். மாசியில் ஒருமுறை வந்து, கிழங்கு தோண்டும் இடத்தில் குந்தியிருந்து மண் தட்டிக் கொடுத்த பிள்ளைக்கு அடுத்த கூழின் ருசி வேறாக இருக்கும் என்று தாராளமாக நம்பலாம். ஆடிப்பிறப்புக் கூழும் கொழுக்கட்டையும் வேறு வகை. நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டால் அவை உலகறிந்தவை, நடுயூலைக்குள் வந்து சேருபவர்களுக்கு வாய்ப்பவை.

இனிக் கொழும்புத்துறையையே பார்க்கலாம். யாழ்ப்பாண நகரின் தென்கிழக்கே, குருநகரும் பாசையூரும் கடந்து, கடல்நீரேரியின் விளிம்பில் இருக்கும் ஊர். பூநகரிப் பக்கத்தோடு வள்ளப் போக்குவரத்து நடந்த துறை இது. ஆனால் இங்கே பூர்வீக வீடு உள்ளவர்கள்கூட விடுமுறையில் ஊரைப் பார்ப்பதில்லை. காலை எட்டு மணிக்கு வான் வாசலில் நிற்கும், இரவு எட்டு மணிக்குத் திரும்பிவரும். வீடு என்பது படுக்கவும் குளிக்கவும் மட்டும். வெளிநாட்டில் கடலோரக் குடிசை ஒன்றுக்கு நாளொன்றுக்கு நூறு இருநூறு டொலர் கொடுக்கத் தயங்காதவர், தன் பாட்டன் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்திலுள்ள கரையை வான் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போகிறார்.

விடியற்காலையில் அந்தக் கரையில் பார்க்க நிறைய இருக்கிறது. ஏரி ஆழமில்லாதது, இடுப்பளவு தண்ணீரில் மனிதர் நடந்தே வலை பார்க்கும் இடங்கள் உண்டு. தண்ணீருக்குள் வரிசையாகக் கம்பு நட்டு, வலையைச் சுவராகக் கட்டி, மீனை மெல்ல மெல்ல ஒரு கூட்டுக்குள் கொண்டுபோய் விடும் களங்கட்டிகள் தூரத்தில் கோடுகளாகத் தெரியும். மீனைத் துரத்துவது கிடையாது. வலைச்சுவரில் முட்டிய மீன் அதன் ஓரமாகவே நீந்தித் தானாகவே உள்ளே போகிறது. இரவு முழுக்க இப்படி நிறைந்ததைக் காலையில் எடுத்துவருவார்கள். பாசையூர்ச் சந்தையில் அது கூறி விற்கப்படும். நண்டும் இறாலும் உயிரோடு கிடக்க, விலை கூறுபவரின் குரல் மூச்சுவிடாமல் ஏறும். வாங்குபவர் ஒரு தலையசைப்பில் முடித்துவிடுவார். யார் எப்போது தலையசைத்தார் என்பது முதல்நாள் வருபவருக்குப் பிடிபடாது, மூன்றாம் நாளில் பிடிபடத் தொடங்கும். இப்படியான இடங்களுக்குத் திரும்பத் திரும்பப் போவதில் இருக்கும் சுகம், இடம் மாறாமல் பார்க்கும் கண் கூர்மையாவதுதான். பாசையூர் அந்தோனியார் கோவில் திருநாள் யூன் 13இல் வருகிறது. நல்லூரை மட்டும் கணக்கில் வைத்துப் பயணம் போடும் சைவக் குடும்பங்கள், பக்கத்து ஊரே திரளும் இந்த நாளை ஒருமுறையும் கண்டிருப்பதில்லை.

வேகத்தைக் குறைத்து ஊரைப் பார்ப்பதற்குக் கொழும்புத்துறையிலேயே ஒரு பெரிய முன்னோடி இருந்தார். நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமியின் சீடரான யோகர் சுவாமி, பல பத்தாண்டுகள் கொழும்புத்துறைக் குடிலொன்றில் வாழ்ந்து 1964 மார்ச்சில் சமாதியடைந்தார். முன்னர் கிளிநொச்சிப் பக்கம் நீர்ப்பாசன வேலையில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். குடாநாட்டின் ஒழுங்கைகளில் அவர் நடையாகவே சுற்றினார், சொல்லாமல் கொள்ளாமல் அடியார் வீடுகளுக்குப் போய் நின்றார். குடில் இருந்த இடத்தில் ஆச்சிரமம் இருக்கிறது, பங்குனி ஆயிலியத்தில் குருபூசை. கொழும்புத்துறையிலிருந்து நல்லூருக்கு இன்றும் நடந்து போகலாம், சைக்கிளில் போனால் இன்னும் நல்லது. ஓட்டோவில் பத்து நிமிடத்தில் கடந்துபோகும் அந்தத் தூரத்துக்குள் எத்தனை வைரவர் கோவில், எத்தனை பூவரசங் கதியால், எத்தனை பூட்டிய வீடு என்பது நடந்தால்தான் தெரியும். பூட்டிய வீடுகளைப் பற்றி ஓர் இடைச்செருகல்: அவற்றில் பலவற்றின் சொந்தக்காரர்களும் ஓகஸ்ட் வானில் ஊர் சுற்றுபவர்கள்தான்.

ஊருக்கு வரும் வழி மாறினாலும் ஊர் மாறித் தெரியும். யாழ்ப்பாணத்தவர்களுக்கு இந்த மாற்றம் பலகாலம் விருப்பத்தால் வரவில்லை, யுத்தத்தால் வந்தது. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் வருவது 1990இல் நின்றது. 1995 ஒக்டோபர் இறுதியில் குடாநாட்டின் வலிகாமம் பகுதியே இடம்பெயர்ந்தது. 2002 சமாதான காலத்தில் ஏ9 வீதி திறந்தபோது, சோதனைச் சாவடிகளில் பெட்டி திறந்து காட்டியபடி முதல்தடவையாகத் திரும்பி வந்தவர்கள் ஏராளம். 2006 ஓகஸ்டில் அதுவும் மூடப்பட்டது. 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறந்த பிறகு, முன்பு மிதவைப் பாதையில் ஏறிக் கடந்த தண்ணீரின் மேல் பூநகரி வழியாகவே வாகனத்தில் வரமுடிகிறது. ஆனையிறவு வழியை மட்டும் அறிந்தவர், ஒருமுறை மன்னார், பூநகரி என்று சுற்றி வந்து அந்தப் பாலத்தில் இறங்கி நிற்கவேண்டும். எப்போதும் கரையிலிருந்து பார்த்த ஏரியை நடுவிலிருந்து பார்க்கலாம். 2014 ஒக்டோபரில் ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது, 2019இல் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம், 2023 ஒக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல். சிதம்பரமும் நாகூரும் பார்த்துவிட்டுக் கடல்வழியாக ஊருக்கு வருவது பாட்டன் காலத்து வழக்கம். நாற்பது ஆண்டுகள் அறுந்திருந்த அந்த வழியில் பேரன் வரும்போது, அது அவனுக்குப் புத்தம்புதிய விடுமுறை.

பருவமும் வழியும் மட்டுமன்றி, வருபவரின் நிலையும் மாறினால் என்ன ஆகும் என்பதற்கு ஆங்கில எழுத்தாளர் லெனார்ட் வூல்ஃப் நல்ல உதாரணம். 1905 தொடக்கத்தில் இருபத்து நான்கு வயதில் அவர் குடியேற்ற அரசின் உத்தியோகத்தராக யாழ்ப்பாணம் வந்தார். அநுராதபுரம் வரை ரயில், அங்கிருந்து ஆனையிறவுக்கு மாடு இழுக்கும் தபால் வண்டி, பிறகு மறுபடி ரயில். கூடவே ஒரு நாயும் வோல்ட்டேரின் தொகுதிகளும். கச்சேரி வாழ்க்கை சுமுகமாக இருக்கவில்லை. சவாரிச் சாட்டையால் வேண்டுமென்றே முகத்தில் அடித்தார் என்று உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் மேலிடத்துக்கு முறையிட்டதும், தான் எதையோ சுட்டிக்காட்டச் சாட்டையை நீட்டியது மட்டுமே என்று அவர் மறுத்ததும் அவரே பின்னாளில் எழுதிய சங்கதி. 1911இல் இலங்கையை விட்டுப் போனவர், 1960இல் எழுபத்தொன்பது வயதில் திரும்பி வந்தார். தான் இருந்த நாற்காலிகளில் இப்போது இலங்கையர்கள். அவர் வெறும் விருந்தாளி. காட்டுக் கிராமம் ஒன்றைப் பற்றி அவர் எழுதிய நாவல் இதற்குள் அவரை இங்கே மதிப்புக்குரியவராக்கியிருந்தது. அதே நிலத்தை ஆளவந்தவராகப் பார்ப்பதற்கும் அழைக்கப்பட்டவராகப் பார்ப்பதற்கும் இடையே அரை நூற்றாண்டு கிடந்தது. திரும்பி வருபவர்கள் எல்லோருக்கும் இவ்வளவு பெரிய மாற்றம் தேவையில்லை. மகனாக வந்தவர் தகப்பனாக வருவதும், பேத்தியாக வந்தவள் அம்மம்மாவைப் பார்த்துக்கொள்ளத் தனியாக வருவதும் இதே வகைதான்.

அந்தப் பேத்திகளும் பேரன்களும் இப்போது பெற்றோர் இல்லாமலே வரத் தொடங்கியிருக்கிறார்கள். உறவினர் வீடுகளுக்குப் போய்ச் சோடா குடிக்கும் கடமை அவர்களுக்குக் குறைவு. நெடுந்தீவுக்குக் காலையில் போய்ப் பின்னேரப் படகில் திரும்பிவிடாமல் இரவும் தங்குகிறார்கள். கல்வேலிகளுக்கிடையே சைக்கிள் ஓட்டவும், காட்டுக் குதிரைகள் வெயில் தாழத் தண்ணீர் தேடி வருவதைப் பார்க்கவும் அப்போதுதான் நேரம் கிடைக்கிறது. பெற்றோருக்கு இது வீண் அலைச்சலாகத் தெரியலாம், ஆனால் அதே பெற்றோர் படம் அனுப்பச் சொல்லிக் கேட்பதும் உண்டு.

பருவம் மாற்றி வருவதற்கு விலையும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் புயலும் வெள்ளமும் வரும், தீவகப் படகுகள் நிற்கும், தாழ்ந்த வளவுகளுக்குள் தண்ணீர் ஏறும், நுளம்பு பெருகும். காங்கேசன்துறைக் கப்பலும் மாரிக்கடலில் ஓடுவதில்லை. நத்தார் வாரத்தில் விமானச்சீட்டு ஓகஸ்டைவிட மலிவாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மழையின் மூர்க்கம் அடங்கி, வயலில் பச்சையும் ஏரியில் பறவையும் சந்தையில் கிழங்கும் சேர்ந்து கிடைப்பது தை நடுவிலிருந்து மாசி வரையான சில வாரங்களில்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு அந்த வாரங்கள் எட்டாது. ஓய்வூதியம் எடுத்தவர்களுக்கு எட்டும். கொழும்புத்துறையில் ஆட்களைத் தெரிந்தவர்கள், சீட்டு எடுக்குமுன் அவ்வாண்டு மழை எப்படி என்று ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.