தாளம் தப்பிய நெஞ்சு

தலவாக்கலையில் ஒரு லயத்து வாசலில் அமர்ந்திருந்தோம். விறகுக்கட்டை இறக்கிய மூதாட்டி, "நெஞ்சு ஓடுதுங்க, திடீர்னு நிக்குதுங்க" என்றார். நாடியைத் தொட்டோம், ஒழுங்கே இல்லை. சிறுவயது மூட்டுவாதக் காய்ச்சலில் வால்வு சுருங்கியது என்று மருத்துவர் கூறினாராம்.

பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஒரு குடும்பமே நெருங்கிப் படுக்கையில் ஒரு பிள்ளையின் தொண்டைப்புண் எல்லோருக்கும் சொந்தமாகிறது. அதிலிருந்து காய்ச்சல், காய்ச்சல் வால்வைக் கெடுக்க, ஆண்டுகள் கழித்து இதயத்தின் மேலறை வீங்கித் துடிப்புத் தாறுமாறாகிறது. அங்கே உறையும் இரத்தக்கட்டி மூளைக்கு ஏறினால் பக்கவாதம். காய்ச்சல் மீளாதிருக்க மூன்று, நான்கு வாரங்களுக்கொரு பென்சிலின் ஊசி போதும். ஆனால் பல்லாண்டுகள் தவறாமல் வேண்டும்.

1977-லும் 1983-லும் வன்செயலுக்கு அஞ்சி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்த மலையக மக்களுக்கு அந்த நாட்கணக்கை யார் வைத்திருந்தார்? போர் அங்கும் தொடர்ந்தது. 2009 பெப்ரவரியில் புதுக்குடியிருப்பு மருத்துவமனையிலேயே எறிகணைகள் வீழ்ந்தன. குருதி வழியும் காயத்துக்கே கட்டிலற்ற இடத்தில், வெளியே தெரியாத நெஞ்சின் தடுமாற்றத்தை எவர் கேட்பார்?

மூதாட்டியின் தங்கையும் 1977-ல் வன்னி சென்றவரே.

"அவளுக்கும் இதே சீக்குதாங்க. ஊசி போட எடமில்லேன்னு கடுதாசி போட்டா. அதுக்கப்புறம் கடுதாசி வரலீங்க."