ஏறாத விமானத்துக்கு ஒரு பிரயாணம்

புதுக்கோட்டைக்கு விருந்தாளியாக வந்தவரை எங்கே அழைத்துப் போய்க் காட்டலாம் என்று கேட்டுப் பாருங்கள். ஊரார் உடனே விரலை மடக்கத் தொடங்கிவிடுவார்கள். சித்தன்னவாசல் ஓவியம், குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, திருமயம் கோட்டை, நார்த்தாமலை விஜயாலய சோழீச்சரம் என்று நாலு விரல் மடங்கும். ஐந்தாவதற்குச் சற்றே யோசிப்பார்கள். யோசிக்க வேண்டியதே இல்லை. அந்த விரல் திருச்சி விமான நிலையத்துக்கு உரியது.

"அது திருச்சியில் அல்லவா இருக்கிறது?" என்பீர்கள். பெயர்தான் திருச்சி, இடமோ புதுக்கோட்டைச் சாலை! புதுக்கோட்டையிலிருந்து வடக்கே புறப்பட்டு, நார்த்தாமலைக் குன்றுகளுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, கீரனூரில் ஒரு காபி சாப்பிட்டு, மாத்தூர்த் தொழிற்சாலைகளைத் தாண்டினால் போதும். திருச்சிக் கடைத்தெருவின் நெரிசலில் காலடி வைக்கும் முன்பே விமான நிலையம் வந்துவிடுகிறது. கிட்டத்தட்ட ஒரு மணி நேரப் பிரயாணம். ஆகையால் அதில் பாதியாவது எங்களுடையது என்று புதுக்கோட்டைக்காரர்கள் நினைத்துக்கொண்டால், அவர்கள்மீது வழக்குப் போட முடியாது.

"சரி, அங்கே போய் எந்த ஊருக்கு விமானம் ஏறுவது?" எந்த ஊருக்கும் ஏற வேண்டாம், ஐயா! ஏறாமலே போய்த் திரும்புவதுதான் இந்தப் பிரயாணத்தின் விசேஷம்.

அறந்தாங்கி, ஆலங்குடி, பொன்னமராவதி, கோட்டைப்பட்டினம் பக்கங்களிலிருந்து மாலை வேளையில் வடக்கே ஓடும் வேன்களில் ஒன்றை எட்டிப் பாருங்கள். உள்ளே பதினாலு பேர் இருந்தால் அதில் சிங்கப்பூருக்கு டிக்கெட் வைத்திருப்பவர் ஒருவர்தான். மற்றப் பதின்மூன்று பேரும் ஏறாத பிரயாணிகள். பாட்டி, சித்தப்பா, மைத்துனர், பக்கத்து வீட்டுப் பையன், புளியோதரைத் தூக்கு, தண்ணீர்க் குடம் எல்லாம் உண்டு. விமானக் கம்பெனி மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொன்னால், நம்மவர்கள் ஐந்து மணி நேரம் முன்னதாகவே போய் நிற்பார்கள். வேனில் யார் ஊர்விட்டுப் போகிறவர் என்று கண்டுபிடிக்க டிக்கெட்டைப் பார்க்க வேண்டாம். சத்தமாகப் பேசிக்கொண்டு வருகிறவர் யாருமே போகிறவர் அல்ல. ஜன்னலோரத்தில் புதுச் சட்டையுடன் மௌனமாக உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான்.

இந்தச் சீமைக்கு ஊர்விட்டுப் போவது புதிய சமாசாரம் அல்ல. கடற்கரை ஊர்களில் வெளிநாட்டில் இருப்பவரைச் 'சபராளி' என்பார்கள். நகரத்தார் ஊர்களில் 'கொண்டுவிக்கப் போயிருக்கிறார்' என்பார்கள். விமானம் வருவதற்கு முன்பு இதே ஜனங்கள் நாகப்பட்டினம் கடற்கரைக்குத்தான் வண்டி கட்டிக்கொண்டு போனார்கள். 1926-ல் கட்டப்பட்ட 'ரஜூலா' என்ற கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை போய்வந்தது. கப்பல் கரைக்கு அருகே வராது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். பிரயாணிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போவார்கள். கரையில் நின்றவர்களுக்குப் படகு தெரியும், பிறகு கப்பல் தெரியும், பிறகு புகை தெரியும். பிரிவு கொஞ்சம் கொஞ்சமாக, கண் முன்னாலேயே நடந்தது. அதற்குப் பின் வந்த 'சிதம்பரம்' கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல் வழியும் முடிந்தது. மிச்சம் இருப்பது ஆகாயம்தான்.

ஆகாய வழியும் திருச்சிக்கு ஒன்றும் நேற்றுத் திறந்தது அல்ல. 1930-களின் கடைசியிலேயே டாட்டா கம்பெனியின் விமானம் சென்னையிலிருந்து திருச்சி வழியாகக் கொழும்புக்குப் பறந்தது. 2012 அக்டோபரில் இதைச் சர்வதேச விமான நிலையம் என்று அறிவித்தார்கள். இப்போது நீங்கள் பார்க்கும் புதுக் கட்டடத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2024 ஜனவரி 2-ந் தேதி திறந்துவைத்தார். அதே ஆண்டு ஜூன் 11-ந் தேதி முதல் விமானங்கள் அங்கிருந்து புறப்படத் தொடங்கின. செலவு 1,100 கோடி ரூபாய்க்கு மேல். ஆண்டுக்கு 44 லட்சம் பிரயாணிகளுக்கு இடம் கொடுக்கும் என்கிறார்கள். பிரயாணிகளை எண்ணினார்கள், சரி. கூட வருகிற பதின்மூன்று பேரையும் எண்ணினார்களா என்பதுதான் என் சந்தேகம்.

கட்டடம் நன்றாகவே இருக்கிறது. ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தை நினைவூட்டும் முகப்பு, கோலங்கள், வண்ண ஓவியங்கள். வேனிலிருந்து இறங்கியவர்கள் முதலில் செய்யும் காரியம் அதன் முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வதுதான். அடுத்த காரியம், பெட்டியைத் தூக்கிப் பார்ப்பது. முப்பது கிலோவுக்கு மேல் இருக்கும்போல என்று யாராவது ஒருவர் சொல்லுவார். உடனே பெட்டி திறக்கப்படும். முறுக்கு உள்ளே போகலாமா, வெளியே வரலாமா என்று குடும்ப மாநாடு நடக்கும். எப்போதும் தோற்பது மாங்காய் ஊறுகாய்தான். வெளியே எடுத்த ஊறுகாய் ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் போகும் தாயாரை நான் ஒரு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் அந்த வாசல்.

வாசலில் மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படை வீரர் நிற்கிறார். டிக்கெட்டையும் அடையாளச் சீட்டையும் பார்க்கிறார், முகத்தைப் பார்க்கிறார், 'போகலாம்' என்று தலையசைக்கிறார். அந்தத் தலையசைப்பு ஒருவருக்குத்தான். நாகப்பட்டினத்தில் அரை நாள் எடுத்துக்கொண்ட காரியம் இங்கே அரை நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. உள்ளே போனவர் கண்ணாடிக்கு அப்பால் தள்ளுவண்டியோடு திரும்பிப் பார்க்கிறார். வெளியே இருப்பவர்கள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு பார்க்கிறார்கள். பிறகு யாரோ கைப்பேசியில் அழைக்கிறார்கள். பத்தடி தூரத்தில் நிற்கும் மனிதருடன், முகத்தைப் பார்த்துக்கொண்டே, டெலிபோனில் பேசுகிறார்கள். "சாப்பிட்டியா?" என்பதுதான் பேச்சு. பத்து நிமிஷத்துக்கு முன்னால் புளியோதரையை ஊட்டாத குறையாகக் கொடுத்ததே அந்த அம்மாள்தான்!

இந்தியாவில் சில விமான நிலையங்களில் காசு கொடுத்துப் பார்வையாளர் சீட்டு வாங்கி உள்ளே கொஞ்ச தூரம் போகும் வழக்கம் உண்டு. சுதந்திர தினமும் குடியரசு தினமும் நெருங்கினால் 'பார்வையாளருக்குத் தடை' என்று பத்திரிகையில் செய்தி வந்துவிடும். அந்தச் சீட்டு இருந்தாலும் பாதுகாப்புச் சோதனையைத் தாண்ட முடியாது. அதையும் தாண்டிய பிறகு இருப்பதுதான் 'லவுஞ்ச்' என்கிற ஓய்வுக்கூடம்.

அந்தக் கூடத்தைப் பற்றிப் பெரிய விமான நிலையங்களுக்குப் போய்வந்தவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். மெத்தை நாற்காலி, சுடச்சுட இட்லி, கேட்டபோதெல்லாம் காபி. முன்பெல்லாம் முதல் வகுப்புச் சீமான்களுக்கு மட்டும் என்று இருந்தது. இப்போது பாங்கில் கொடுக்கும் அட்டை சிலவற்றைக் காட்டி இரண்டு ரூபாய் கழித்துக்கொண்டால் உள்ளே விட்டுவிடுகிறார்கள். இரண்டு ரூபாய்க்கு இட்லி என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அதனால் லவுஞ்ச் வாசலில் ரேஷன் கடையைப் போல வரிசை நிற்கிற நாளும் உண்டு.

இந்த இட்லி ஆசை உலகத்துக்கே பொது. சீனாவில் ஷியான் நகரத்தில் ஓர் ஆசாமி முதல் வகுப்பு டிக்கெட் ஒன்று வாங்கினார். அதைக் காட்டி லவுஞ்சில் சாப்பிட்டுவிட்டு, பிரயாணத் தேதியை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். மறுபடியும் வந்தார், சாப்பிட்டார், தேதியை மாற்றினார். ஓராண்டில் சுமார் 300 தடவை! கடைசியில் டிக்கெட் பணத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டார் என்று 2014-ல் செய்தி வந்தது. ஜெர்மனியில் இதே வித்தையை 36 தடவை செய்தவரை விமானக் கம்பெனி கோர்ட்டுக்கு இழுத்தது. சாப்பாடு ஒன்றுக்கு 55 யூரோ வீதம் 1,980 யூரோ கட்டச் சொல்லி 2014-ல் தீர்ப்பாயிற்று. அந்த விலைக்கு எங்கள் கீரனூரில் ஊருக்கே விருந்து வைக்கலாம்.

நம்மவர்கள் அதிகம் போகும் சிங்கப்பூருக்கு வருவோம். 2016-ல் ஒரு மலேசியர், போலி ஏறுசீட்டுகளைத் தானே தயாரித்துக்கொண்டு, சாங்கி விமான நிலையத்து லவுஞ்சுகளிலேயே 18 நாள் குடித்தனம் நடத்தினார். அப்புறம் இரண்டு வாரம் சர்க்கார் லவுஞ்சில், அதாவது ஜெயிலில், தங்க நேர்ந்தது. சிங்கப்பூர்ச் சட்டம் இந்த விஷயத்தில் மகா கண்டிப்பு. பறக்கும் எண்ணம் இல்லாமல் ஏறுசீட்டை வைத்துக்கொண்டு உட்பகுதிக்குள் நுழைவதே குற்றம். 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். 2019-ன் முதல் எட்டு மாதங்களில் மட்டும் 33 பேர் பிடிபட்டார்கள்.

அந்த ஆகஸ்டு மாதம் 24-ந் தேதி பிடிபட்ட ஒருவரைப் பற்றி உங்களுக்குச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றிவந்தேன். வயது 27. அவர் இட்லிக்காகவோ மெத்தை நாற்காலிக்காகவோ போகவில்லை. ஊருக்குப் புறப்பட்ட மனைவியை விமானத்தின் வாசல் வரை கொண்டுபோய் விடுவதற்காகத் தாமும் ஒரு டிக்கெட் வாங்கியிருந்தார். அவ்வளவுதான் குற்றம்.

சட்டம் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு விமான நிலையக் கதவுகள் உலகமெங்கும் இறுகியதற்குக் காரணம் இருக்கிறது. நம் டில்லியிலும் ரத்தான டிக்கெட்டைக் காட்டி உறவினரோடு உள்ளே போய் அகப்பட்டுக்கொண்டவர்கள் உண்டு. அப்படி ஒருபோதும் செய்யாதீர்கள்; வழியனுப்பப் போனவரை ஜாமீனில் எடுக்க இன்னொரு வேன் கட்டவேண்டி வரும். ஆனால் 300 தடவை சாப்பிட்டவரையும் அந்த 27 வயதுக் கணவரையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க எனக்கு மனம் வரவில்லை. அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் நகரத்தில் 2017-ல், பிரயாணம் செய்யாதவர்களும் அடையாளம் காட்டி, சோதனைக்கு உட்பட்டு, உள்ளே போய்வர அனுமதிச் சீட்டு தரத் தொடங்கினார்கள். சாங்கியிலேயே 2019-ல் 'ஜுவல்' என்று ஒரு மாளிகையைத் திறந்து, 40 மீட்டர் உயரத்து அருவியைக் கூரைக்குள்ளேயே விழவைத்து, பறக்காதவர்களையும் வாருங்கள் என்று அழைக்கிறார்கள். திருச்சியில் அருவி வேண்டாம். விமானம் எழும்புவதைப் பார்க்கக் கம்பி வேலி போட்ட ஒரு மொட்டை மாடியும், பாட்டிமார் உட்காரப் பத்து பெஞ்சும் போதும். முற்காலத்தில் பல விமான நிலையங்களில் அப்படிப்பட்ட மாடிகள் இருந்தன.

மாடி இல்லாதபோது ஜனங்கள் என்ன செய்கிறார்கள்? புதுக்கோட்டைச் சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்க்கிறார்கள். விளக்கு ஒன்று எழும்பி, சாய்ந்து, சிறுத்து, மறையும். "அதோ போறான்" என்று யாராவது சொல்லுவார்கள். அது துபாய் விமானமாகவும் இருக்கலாம், யாரும் விசாரிப்பதில்லை.

2024 அக்டோபர் 11-ந் தேதி மாலை அந்த விளக்கு மறையவில்லை. 141 பேருடன் ஷார்ஜாவுக்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானத்தில், எழும்பிய சற்று நேரத்துக்கெல்லாம் ஹைட்ராலிக் அமைப்பு பழுதாகிவிட்டது. வயிறு நிறைய எண்ணெயோடு இறங்குவது ஆபத்து. ஆகவே எண்ணெய் குறையும்வரை திருச்சிக்கும் புதுக்கோட்டைக்கும் மேலே வட்டமிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு மேல்! கீழே ஆம்புலன்ஸ்களும் தீயணைப்பு வண்டிகளும் அணிவகுத்தன. டெலிவிஷனில் வேறு செய்தியே இல்லை. எங்கள் மாவட்டத்துக் கிராமங்களில் ஜனங்கள் மொட்டை மாடிகளில் ஏறி நின்றார்கள். விமானத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. ஆனாலும் இறங்காமல் நின்றார்கள். கால் மணிக்கொரு தரம் அந்த விளக்கு தலைக்கு மேல் வரும், போகும். இரவு எட்டேகால் மணி சுமாருக்கு அது பத்திரமாக ஓடுபாதையில் இறங்கியது. ஒருவருக்கும் காயம் இல்லை. அன்று வழியனுப்பி வந்தவர்கள் மறுபடியும் அதே வாசலுக்கு ஓடினார்கள்.

புறப்படும் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். வருகை வாசலையும் பார்த்துவிட்டுப் போங்கள். அங்கே காத்திருப்பது வேறு ரகம். பலகையில் 'விமானம் இறங்கியது' என்று வந்த பிறகும் முக்கால் மணி, ஒரு மணி ஆகும். குடியேற்றச் சோதனை, சுங்கம், பெட்டி வரும் பட்டை எல்லாம் உண்டே! கதவு திறக்கும்போதெல்லாம் இருபது தலைகள் ஒன்றாக நீளும். நம் ஆள் இல்லை என்றதும் இருபதும் ஒன்றாகச் சுருங்கும்.

அப்படி ஓர் இரவு, மூன்று வயது இருக்கும், ஒரு சிறுமி அப்பத்தாவின் சேலைக்குள் புகுந்துகொண்டு வெளியே வரமாட்டேன் என்றாள். எதிரே, தள்ளுவண்டியை விட்டுவிட்டு, ஒரு மனிதர் மண்டியிட்டுக் கை நீட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருஷம் கழித்து வந்திருக்கிறார். சாக்லேட்டைக் காட்டினார், பலிக்கவில்லை.

"அப்பத்தா, இது போன்ல வர்ற அப்பாவா?" என்று கேட்டாள் சிறுமி.

அப்பத்தா வாயைத் திறப்பதற்குள் அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அப்பத்தாவின் போனுக்கு அழைத்தார். திரையில் முகம் தெரிந்தது. சிறுமி திரையைப் பார்த்தாள், எதிரே பார்த்தாள், மறுபடியும் திரையைப் பார்த்தாள். பிறகு சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டே, மற்றொரு கையை மட்டும் அவரிடம் நீட்டினாள்.